அக்காவுக்கு, மில்வாக்கியில இருந்து

அன்புள்ள அக்கா,

போன்ல நான் ம், சரி, அப்படியான்னே முடிச்சிடுறேன்னு கோச்சுக்கிற, அதான் எழுதுறேன். நல்லா இருக்கேன். குளிர் இன்னும் விடல. ஒண்ணு மட்டும் நம்ம ஊர் மாதிரியே, இங்கயும் தண்ணி கிழக்க தான், மிச்சிகன் ஏரி, அக்கரையே தெரியாது, காலைல பஸ்ஸுக்கு நிக்கிறப்ப சூரியன் தண்ணிக்குள்ள இருந்து எழும்பும், பாட்டி நம்மள மெரினாவுக்குக் கூட்டிட்டுப் போன ஞாபகம் வந்துடும், உப்பு வாசனை தான் இல்ல.

ஆபீஸ்ல யாரும் கெட்டவங்க இல்ல, ஆனா மீட்டிங்ல நான் வாயத் திறக்கிறதுக்குள்ள அடுத்த விஷயத்துக்குப் போயிடுறாங்க.

சனிக்கிழமை அப்படி இல்லக்கா. தெரிஞ்ச பொண்ணு ஒருத்தி வீட்ல அஞ்சு பேர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுறோம். 1974ல கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் கொண்டுவந்த கேம், அது பொறந்த லேக் ஜெனீவா இங்கிருந்து கார்ல ஒரு மணி நேரம் தான். அவ கதை சொல்லுவா, நாங்க ஆளுக்கு ஒரு பாத்திரம், என்ன பண்றோம்னு சொல்லிட்டு 20 முகம் இருக்கிற டைஸ உருட்டணும். என் முறை வந்தா எல்லாரும் காத்திருப்பாங்க, அதுதான் எனக்குப் பெருசு.

நான் ஒரு டீஃப்லிங். ரத்தத்துல நரகம் கலந்த வம்சம், தலையில கொம்பு, பின்னாடி வால், இருட்டுல கண்ணு தெரியும், ஜனங்க பாத்ததுமே ஒதுங்கிடுவாங்க. அவங்கள்ல சில பேர் ஒரு வார்த்தையையே பேரா வச்சுக்குவாங்க, நான் மௌனம்னு வச்சுக்கிட்டேன். மௌனம் ரோக் வேற, அதாவது திருட்டு வேலை தெரிஞ்சவ, பூட்டு திறப்பா, நிழல்ல நிப்பா, எதிரி அசந்த நேரம் பாத்து குத்துவா. பொழப்புக்கு மேடையில கயித்து மேல நடக்கிறா, ஆட்டம் முடிஞ்சா யார்கிட்டயும் பேசாம படுதாவுக்குப் பின்னாடி போயிடுவா.

கொம்பு எங்கிருந்து வந்துச்சுன்னு உனக்கே தெரியும். தெரு டிராமாவுல அப்பா எமன் வேஷம் கட்டினாரே, அட்டையச் சுருட்டி, பேப்பர் ஒட்டி, மைதா பசை காயணும்னு பாட்டி அடுப்பு பக்கத்துல வச்சதுல இடது கொம்பு சாஞ்சே போச்சு. நான் படுதா கயித்தப் பிடிச்சுட்டு நின்னு பாத்துட்டே இருந்தேன். மௌனத்துக்கும் இடது கொம்பு சாஞ்சு தான் வரைஞ்சிருக்கேன்.

போன வாரம் கதையில, கூட்டாளிங்க ஒரு கைதியைப் பின்வாசல் வழியா கொண்டுபோற வரைக்கும் சந்தையில கூட்டத்த நான் பிடிச்சு வைக்கணும். டீஃப்லிங்குக்குப் பொறவிலயே தாமடர்ஜின்னு ஒரு வித்தை உண்டு, ஒரு நிமிஷம் குரல் மூணு மடங்கு சத்தமா ஒலிக்கும், விளக்குச் சுடரோட நிறம் மாறும். டைஸ்ல 14 விழுந்துச்சு, மௌனத்தோட திறமைக்கு 7 சேத்து 21. "சரி, என்ன பேசுற?"ன்னு கதை சொல்றவ கேட்டா. தமிழ் தான் வந்துச்சுக்கா, எழுந்து நின்னு, அப்பா குரல்ல, "ஏடா மானிடா, உன் கணக்கு முடிந்தது!" அங்க யாருக்கும் ஒரு எழுத்து புரியாது. ஒருத்தன் வாய்க்குக் கொண்டுபோன சிப்ஸ் அப்படியே நின்னுடுச்சு. அவ மெதுவா, "கூட்டம் அசையல"ன்னு சொன்னா. வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் அழுதேன், சந்தோஷத்துல தான்.

திருவல்லிக்கேணி வீட்டுப் பரண்ல அந்தக் கொம்பு இன்னும் இருக்கான்னு பாரு. அந்த வசனத்துக்கு அடுத்து அப்பா சித்ரகுப்தனைக் கூப்பிடுவாரா, இல்ல பாசக்கயித்த வீசுவாரா, எனக்கு ஞாபகமே வரல. அவர் குரல்லயே வாய்ஸ் மெசேஜ் அனுப்பச் சொல்லு, சனிக்கிழமைக்குள்ள வேணும்.

உன் தங்கச்சி