வால்வு கருவியை நேரே பிளக்கில் செருகாதீர்!

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குமரி மாவட்டத்தில் பழைய கல்லூரி ஆய்வகத்திலோ ரேடியோ பழுது பார்க்கும் கடையிலோ வால்வு (டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழாய்) காலத்து ஆசிலாஸ்கோப், சிக்னல் ஜெனரேட்டர், வால்வு டெஸ்டர் எதுவும் இருந்தால், 'ஓடுகிறதா பார்ப்போம்' என்று நேரே பிளக்கில் செருகிவிட வேண்டாம். புகை வரும், கண்டம் (உதவாதது) என்று எழுதி எடைக்கு ஆக்கர் (பழைய பொருள்) கடைக்குப் போகும். புகைக்குக் காரணம் பெரும்பாலும் பவர் சப்ளையில் உள்ள சில கண்டன்சர்கள்தான். அவற்றை மாற்றுவது எளிது. அவை ஷார்ட்டாகி டிரான்ஸ்பார்மரை எரித்துவிட்டால்தான் மீட்பது கடினம்.

நம் ஊரில் முதல் எதிரி ஈரம். ஆனி, ஆடிச் சாரலும் ஐப்பசி, கார்த்திகை மழையும் இரண்டு முறை நனைக்கின்றன. குளச்சல், முட்டம் பக்கம் உப்புக் காற்று வேறு. டிரான்ஸ்பார்மர் சுற்றுகளுக்கு இடையே உள்ள காகிதம் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். ஆகவே மின்சாரம் கொடுக்கும் முன், மெயின்ஸிலிருந்து சேஸிஸுக்கு (கருவியின் உலோகச் சட்டத்துக்கு)ப் போகும் கண்டன்சரையும், செகண்டரியின் (வெளியீட்டுச் சுற்றின்) நடுமுனை எர்த்தையும் கழற்றிவிட்டு 500 வோல்ட் மெக்கரால் (இன்சுலேஷனை அளக்கும் மீட்டரால்) சோதியுங்கள். சில மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் உடனே கைவிட வேண்டியதில்லை. அட்டைப்பெட்டிக்குள் 40 வாட் குண்டு பல்பை, அட்டையில் படாமல் எரியவிட்டு, கருவியை இரண்டு நாள் உலர்த்தி மீண்டும் அளந்தால் அளவு ஏறுவது தெரியும். ஏறவே இல்லை என்றால்தான் சுற்று போய்விட்டது என்று பொருள்.

அடுத்தது சீரீஸ் பல்பு. ரெக்டிபையர் (ஏ.சி.யை டி.சி. ஆக்கும் வால்வு) உட்பட எல்லா வால்வையும் பிடுங்கிவிட்டு, கருவியை லைனில் தொடராக 60 வாட் குண்டு பல்பு வழியாக இணைக்க வேண்டும். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. பல்பு ஒரு கணம் மின்னி மங்கினால் டிரான்ஸ்பார்மர் நலம். முழு வெளிச்சத்தில் நின்றால் உள்ளே ஷார்ட்.

எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சரை மெல்ல மெல்ல வோல்டேஜ் ஏற்றி உயிர்ப்பிக்கலாம் என்பார்கள். அறுபது வயதான கண்டன்சருக்கு அந்த வைத்தியம் வீண், மாற்றிவிடுங்கள். 32 மைக்ரோபாரட் இருந்த இடத்தில் 33, 450 வோல்ட், 105 டிகிரி வகை போதும். 'பெரிசாகப் போட்டால் ஹம் (இரைச்சல்) குறையும்' என்று 220 மைக்ரோபாரட் போடுவது வழக்கமான தவறு. ரெக்டிபையரை ஒட்டிய முதல் கண்டன்சருக்கு வரம்பு உண்டு: ஜி.இசட்.34 ரெக்டிபையர் வால்வுக்கு 60 மைக்ரோபாரட், இ.இசட்.80க்கு 50. மீறினால் வால்வுக்குள் தீப்பொறி. வால்வை எடுத்துவிட்டு டயோடு போடுவதிலும் வம்பு இருக்கிறது. 300 வோல்ட் சுற்றிலிருந்து, மற்ற வால்வுகள் சூடாகும் முன்பே 424 வோல்ட் ஏறிவிடும். லைன் வோல்டேஜ் 10 சதவீதம் கூடினால் 466. 450 வோல்ட் கண்டன்சர் தாங்காது.

ஓ.ஏ.2 போன்ற 150 வோல்ட் ரெகுலேட்டர் (வோல்டேஜை நிலையாக வைக்கும்) வால்வுக்குக் குறுக்கே 0.1 மைக்ரோபாரட்டுக்கு மேல் கண்டன்சர் போட்டாலும் அது நிலையாக நிற்காமல் அலைபாயத் தொடங்கும்.

வால்வு டெஸ்டர் இன்னும் வேறு ரகம். ஹிக்காக் என்ற அமெரிக்கக் கம்பெனியின் டெஸ்டர்கள் பலவற்றில் பில்டர் கண்டன்சரே கிடையாது, வடிகட்டாத டி.சி.யை வைத்தே மீட்டர் அளவு குறித்திருக்கிறார்கள். நல்லது செய்வதாக எண்ணிக் கண்டன்சர் சேர்த்தால் எல்லா அளவும் பொய்யாகும். அதிலுள்ள 83 என்ற ரெக்டிபையர் வால்வு சுமார் 15 வோல்ட்டைத் தானே எடுத்துக்கொள்ளும்; அதற்குப் பதில் வெறும் டயோடு வைத்தாலும் அளவுகள் கூடித்தான் காட்டும். அந்த வால்வில் பாதரசம் உண்டு, உடைத்துவிடாதீர்கள்.

220 வோல்ட்டுக்குச் செய்த கருவியில் 240 கொடுத்தால் வால்வைச் சூடாக்கும் 6.3 வோல்ட் ஹீட்டர் 6.9க்குப் போகும். செலக்டர் இருந்தால் 240இல் வையுங்கள். இல்லையேல், 18 வோல்ட் 1 ஆம்பியர் டிரான்ஸ்பார்மரின் செகண்டரியை லைனில் எதிர்த் திசையில் தொடராக இணைத்தால் 222 கிடைக்கும். 100 வாட் கருவிக்கு அது தாராளம். முனை மாறினால் 258 ஆகிவிடும் என்பதால், கருவியை இணைக்கும் முன் அளந்து பார்ப்பது அவசியம்.

மெயின்ஸ்-சேஸிஸ் கண்டன்சருக்குப் பதில் ஒய்2 எனும் பாதுகாப்பு வகை மட்டுமே போடுங்கள். மூன்று பின் வயரும் 1 ஆம்பியர் ஸ்லோ பியூஸும் சேருங்கள். பழைய பியூஸ் கூட்டில் யாரோ செம்புக் கம்பி முறுக்கி வைத்திருப்பார்கள், அதையும் பாருங்கள். பில்டர் கண்டன்சருக்குக் குறுக்கே 220 கிலோ ஓம் 2 வாட் ரெசிஸ்டர் வைத்தால், அணைத்த அரை நிமிடத்தில் 400 வோல்ட் பெரும்பாலும் வடிந்துவிடும். அப்போதும் மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும்.

கல்லூரிகளும் பாலிடெக்னிக்குகளும் கண்டம் பட்டியல் தயாரிக்கும்போது, வால்வு கருவி ஒவ்வொன்றுக்கும் நேரே உலர்த்திய பின் எடுத்த மெக்கர் அளவை ஒரு கலத்தில் எழுதச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வாசகர்கள், தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.