சோம்பல் என்று யாரைச் சொல்கிறீர்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார நலவாழ்வுப் பக்கத்தில் வந்த ஒரு வரி மனதை மிகவும் நோகச் செய்துவிட்டது. ‘குளிர்காலச் சோம்பலை உதறிவிட்டு, விட்ட இடத்திலிருந்தே ஓடத் தொடங்குங்கள்’ என்று உங்கள் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார்.

டிசம்பரில் ரொறன்ரோவில் மாலை ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடுவது தங்களுக்குத் தெரியாததல்ல. 2025 பெப்ரவரியில் சில நாட்களுக்குள் ஐம்பது சென்ரிமீற்றருக்கு மேல் பனி கொட்டியது. அப்போது பஸ் தரிப்பிடத்துக்குப் போவதற்கே பனிமேட்டில் ஏறி இறங்கினோம். மார்ச் மாதம் கோடைகால நேரத்துக்காக மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியதும் காலை ஏழரை மணி வரை விடிவதில்லை. இதற்கிடையில் வேலைக்கும் போய், வீட்டையும் பார்த்து, பயிற்சி விட்டுப்போனவர்களுக்குச் சோம்பேறிப் பட்டம் கட்டுவது நியாயமா?

‘விட்ட இடத்திலிருந்தே’ என்பதுதான் அதைவிட ஆபத்தானது. என் கணவர் போன வருடம் இப்படியொரு அறிவுரையைப் படித்துவிட்டு, முதல் வெயில் ஞாயிறன்று ஹைலண்ட் கிரீக் பாதையில் ஒக்டோபரில் ஓடிய அதே தூரத்தை அதே வேகத்தில் ஓடினார். மேட்டில் ஏறும்போது கெண்டைக்காலில் யாரோ கல்லால் எறிந்தது போல இருந்ததாம். நின்று திரும்பிப் பார்த்திருக்கிறார். பின்னால் ஒருவரும் இல்லை. தசை கிழிந்திருந்தது. வீட்டில் காலைக் கதிரையில் தூக்கி வைத்து, உறைந்த பட்டாணிப் பையைத் துணியில் சுற்றி ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தேன். நின்று செய்கிற வேலை அவருக்கு. சம்பளமில்லாமல் போன வாரங்களை யாரிடம் கேட்பது?

அவருக்குச் சிகிச்சை தந்த இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) சொன்னது எளிய விடயம். மூச்சும் இதயமும் சில வாரங்களில் பழைய நிலைக்குத் தேறத் தொடங்கும், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களுக்கு அதைவிட அதிக காலம் வேண்டும். மூச்சு வாங்கவில்லையே என்ற துணிவில் ஓடுகிறவருக்குத்தான் காலில் அடி விழுகிறது. நடை, இடையிடையே சிறு ஓட்டம், அடுத்த நாள் ஓய்வு என்று தொடங்க வேண்டும். உங்கள் கட்டுரையில் இதற்கு ஒரு வரிகூட இடமில்லை. ஏரிக்கரையில் மெல்லிய உடையில் ஓடும் இளம் பெண்ணின் படத்துக்கு அரைப் பக்கம் இருந்தது. ஏப்ரல் மாதத்திலும் இங்கே பனி விழுகிறது, ஐயா.

இதே பக்கத்தில்தான் முன்பு, குளிர்காலத்தில் பேரங்காடிக்குள் நடக்கும் முதியவர்களை ‘வம்பளக்க வருகிறவர்கள்’ என்று எழுதினீர்கள். வழுக்கி விழுந்து இடுப்பு முறியாமல் நடப்பதற்கு அவர்களுக்கு வேறு எந்த இடம் இருக்கிறது? அப்போது நான் எழுதிய கடிதம் வெளிவரவில்லை. வெளியே நடக்கலாம் என்றாலும், பல பூங்காக்களின் மலசலகூடங்கள் மே மாதம் வரை பூட்டியே கிடக்கின்றன. நீரிழிவுக்காரர்களும் பெண்களும் அதனாலேயே வெளியில் இறங்கத் தயங்குகிறார்கள். அதைப் பற்றி ஒரு செய்தி எழுத உங்களுக்கு மனம் வரவில்லை.

இவ்வளவும் எழுதுவது பகைமையால் அல்ல. உங்கள் மரண அறிவித்தல் பக்கத்தில் ஐம்பது வயதைத் தாண்டாத முகங்களை வாராவாரம் பார்க்கிறேன். நம்மவர்களுக்கு நீரிழிவும் இதய நோயும் எவ்வளவு என்று தாங்கள் அறிவீர்கள். எல்லோரும் வெளியே வந்து நடக்க வேண்டும், ஓட வேண்டும் என்று உங்கள் கட்டுரையாளரைவிட நான் குறைவாக விரும்பவில்லை. ஆனால் அவமானப்படுத்தி ஒருவரையும் ஓட வைக்க முடியாது, காயப்பட்டவர் அடுத்த வருடம் சப்பாத்தைத் தொடவும் மாட்டார்.

அடுத்த இதழில் ஒரு இயன்மருத்துவரைக் கேட்டு, ஐம்பது வயதுக்காரர் முதல் ஆறு வாரங்கள் எப்படித் தொடங்கலாம் என்று ஒரு சிறு பெட்டிச் செய்தி போடுங்கள். எந்தப் பூங்காவில் மலசலகூடம் திறந்திருக்கிறது என்பதையும் அதில் சேர்த்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
நீண்டகால வாசகி,
ஸ்காபரோ