எட்டு ஓட்டை, மூன்று போல்ட்: ஆலை நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

ஆலை மேனேஜருக்கும் மெயின்டனன்ஸ் அண்ணன்மாருக்கும் வணக்கம்.

நான் இந்தத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். மலேசியாவின் திரெங்கானு மாநிலத்தில் கெர்த்தே பக்கம் கேஸ் பிளாண்டில் பல வருஷம் வயரிங் வேலை பார்த்துவிட்டு ஊருக்கே திரும்பி வந்திருக்கிறேன். போன மாதம், ஆலைக் கழிவுநீரிலிருந்து கேஸ் எடுக்கும் பயோகேஸ் குளத்துப் பக்கம் ஒரு லைனைப் பார்க்கக் கூப்பிட்டீர்கள். அன்றைக்கு, கேஸைத் தள்ளும் விசிறியான கேஸ் புளோவருக்குப் பக்கத்திலிருக்கும் ஸ்விட்ச் பெட்டியைப் பார்த்ததிலிருந்து மனசு சரியில்லை. மூடியில் எட்டு போல்ட் ஓட்டை, மூன்றில்தான் போல்ட் இருக்கிறது, ஒன்றில் கம்பியை முறுக்கி விட்டிருக்கிறார்கள். விளிம்பைச் சுற்றி சிலிக்கான் பசை பூசியிருக்கிறது. அடியில் கேமரா ஒயருக்காகப் புதுசாகத் துளை போட்டு, மிச்ச இடத்தில் துணியை அடைத்திருக்கிறார்கள்.

அங்கே நின்ற தம்பியிடம் கேட்டேன். "கேஸ் உள்ளே போகக்கூடாதுன்னுதான் அண்ணே சிலிக்கான் போட்டோம்" என்றான். அவனைக் குறை சொல்ல மாட்டேன், யாரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை. ஆனால் அது ஃபிளேம்ப்ரூஃப் பெட்டி, கேஸைத் தடுக்கிற பெட்டியே இல்லை. கேஸ் உள்ளே போகும், கரண்டைப் போட்டு நிறுத்தும் கான்டாக்டரில் பொறி பறந்தால் உள்ளேயே வெடிக்கும் என்று தெரிந்துதான் அதைச் செய்திருக்கிறார்கள். வெடிக்கிற வேகத்தைப் பெட்டியின் கனமான உடம்பு தாங்கிக்கொள்ளும், சூடான வாயு மூடிக்கு அடியிலிருக்கும் முடியளவு இடுக்கு வழியாக உலோகத்தை உரசிக்கொண்டு வெளியே வருவதற்குள் சூடு தணிந்து, வெளியிலிருக்கும் கேஸைப் பற்றவைக்காது. 1815-இல் ஹம்ப்ரி டேவி சுரங்க விளக்கைச் சுற்றிக் கம்பிவலை போட்டாரே, அதுவும் இதே கணக்குதான். எட்டு போல்ட்டும் இறுகியிருந்தால்தான் இடுக்கு அந்த அளவில் நிற்கும். காய்ந்து இறுகும் சிலிக்கான் அந்த இடத்தில் கூடவே கூடாது, துருவுக்கு இறுகாத கிரீஸ்தான் தடவலாம். துளை போட்ட நிமிஷமே, கேஸ் இருக்கும் இடத்தில் வைக்கலாம் என்று பெட்டிக்குக் கொடுத்த சான்றிதழும் போச்சு.

குளத்துக் கேஸில் பாதிக்கு மேல் மீத்தேன். காற்றில் அது 5-லிருந்து 15 சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு பொறி போதும். கூடவே வருகிற ஹைட்ரஜன் சல்பைடு செம்பை அரிக்கும், அரித்த டெர்மினல் சூடாகும், பொறி விடும். அதாவது உள்ளே வெடிக்க வழி கூடிக்கொண்டே போகிறது, வெளியே காக்க வேண்டிய மூடியோ மூன்று போல்ட்டில் நிற்கிறது.

தயவுசெய்து புளோவரை நிறுத்தி, கரண்டை வெட்டி, கேஸ் இருக்கிறதா என்று மீட்டரில் பார்த்த பிறகு அந்தப் பெட்டியைக் கழற்றுங்கள். துளைக்கு வெல்டிங் வைக்க வேண்டாம், சான்றிதழ் உள்ள வேறு பெட்டி போடுங்கள், ஒயர் உள்ளே நுழையும் இடத்தை இறுக்கிப் பிடிக்கும் கேபிள் கிளாண்டும் அதே ரகமாக இருக்கட்டும். அப்புறம் இந்த வேலைக்குப் பயிற்சி எடுத்த ஆளை வைத்து மற்றப் பெட்டிகளையும் பாருங்கள். இப்படிப்பட்ட பெட்டிகளைச் சோதிப்பதற்கான சர்வதேசத் தரவிதி ஐஇசி 60079-17 இந்தச் சோதனையை மூன்று வருஷத்துக்கு மேல் தள்ளிப்போடச் சொல்லவில்லை. பெயர்ப்பலகை மேல் அடித்திருக்கும் சாம்பல் பெயிண்டையும் எடுத்துவிடுங்கள், எந்தக் கேஸுக்கான பெட்டி என்று அதில்தான் எழுதியிருக்கிறது.

அந்தத் தம்பிக்கு நான் சம்பளம் வாங்காமல் சொல்லித்தருகிறேன். வேலிக்கு அந்தப் பக்கம்தான் சாயங்காலம் நம் பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள். இந்த வாரமே செய்யுங்கள் ஐயா.