படத்தை எடுத்துக்கிட்டோம், எச்சரிக்கையை விட்டுட்டோம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க கல்வி பக்கத்துல, வாட்டர்ஃபால் மாடல்ல, அதாவது சாஃப்ட்வேர் வேலைய ஒரு கட்டம் முடிஞ்சப்புறம்தான் அடுத்த கட்டம்னு படிப்படியா, செய்யச் சொல்லி 1970ல சிபாரிசு பண்ணினவர் அமெரிக்க இன்ஜினியர் வின்ஸ்டன் ராய்ஸ்னு போட்டிருந்தீங்க. நான் காலேஜ்ல படிச்சப்ப இதே வரிய மனப்பாடம் பண்ணி எழுதி மார்க் வாங்கியிருக்கேன், இப்ப எங்க அக்கா பையனும் அதையேதான் எழுதறான். ஆனா அது தப்பு சார், அந்த தப்போட விலைய பத்தொன்பது வருஷமா சாஃப்ட்வேர சோதிச்சுப் பார்க்கற டெஸ்டிங் வேலையில இருந்து பார்த்தவங்கறதால எழுதறேன்.

ராய்ஸ் சும்மா தியரி பேசினவர் இல்ல, டிஆர்டபிள்யூங்கற அமெரிக்க கம்பெனில விண்கலங்களுக்கான சாஃப்ட்வேர் வேலைய ஒன்பது வருஷம் பார்த்துட்டு அந்த அனுபவத்துல 1970ல ஒரு கட்டுரை எழுதினார். அதுல ரெண்டாவது படம்தான் நாம எல்லாரும் வரையற படிக்கட்டு, சிஸ்டம் ரிக்வயர்மென்ட்டுல (என்னென்ன வேணும்ங்கற பட்டியல்) ஆரம்பிச்சு அனாலிசிஸ், டிசைன், கோடிங், டெஸ்டிங்னு இறங்கி ஆபரேஷன்ஸ்ல முடியற ஏழு கட்டம். அந்த படத்த போட்ட கையோட அவர் என்ன சொல்றார்னா, இந்த கருத்துல எனக்கு நம்பிக்கை இருக்கு, ஆனா இப்படியே செஞ்சா ஆபத்து, தோல்விய நாமளே கூப்பிட்ட மாதிரிங்கறார். கடைசில டெஸ்ட் பண்ணும்போதுதான் மெமரி போதுமா, நேரத்துக்குள்ள ஓடுதாங்கறதெல்லாம் முதல் தடவையா தெரிய வருது, அங்க உடைஞ்சா டிசைன் வரைக்கும், ஏன் ரிக்வயர்மென்ட் வரைக்கும் கூட திரும்பிப் போகணும், செலவும் நாளும் ரெட்டிப்பாகும்னு எழுதியிருக்கார். மீதி கட்டுரை முழுக்க அதை எப்படி சரி பண்றதுன்னுதான்! முப்பது மாச வேலைன்னா முதல்ல பத்து மாசத்துல ஒரு சின்ன மாதிரி செஞ்சு பாருங்க, வாடிக்கையாளர நடுநடுவுல கூப்பிட்டு உட்கார வைங்கன்னு சொல்றார். வாட்டர்ஃபால்ங்கற வார்த்தையே அந்த கட்டுரையில கிடையாது, அது 1976ல பெல், தேயர்னு ரெண்டு பேர் எழுதின கட்டுரையில வந்த பேரு.

அவர் டாக்குமென்ட் வேண்டாம்னு சொன்னவரும் இல்ல, அம்பது லட்சம் டாலர் சாஃப்ட்வேருக்கு 1500 பக்க ஸ்பெக் (என்ன செய்யணும்னு விவரமா எழுதின ஆவணம்) வேணும்னவர். எழுதி வைக்கறதுல எனக்கும் எந்த சண்டையும் இல்ல. எழுதி கையெழுத்து வாங்கிட்டா விஷயம் புரிஞ்சுடுச்சுன்னு நினைக்கறோம் பாருங்க, அதத்தான் சொல்றேன்.

எங்க டீம்ல நடந்தத சொல்றேன். ஒரு குடோனுக்கு ஸ்டாக் சாஃப்ட்வேர். ரிக்வயர்மென்ட்ல ஒரு இன்வாய்ஸுக்கு ஒரு சரக்கு வரவுன்னு இருந்துச்சு, அவங்க ஆபீஸ்ல இருந்து மேனேஜர் சரின்னு கையெழுத்து போட்டு சைன் ஆஃப் குடுத்துட்டார், எட்டு மாசம் கோடிங். யூஏடி, அதாவது பயன்படுத்தப் போறவங்களே ஓட்டிப் பார்க்கற சோதனை, அதோட முதல் நாள் காலைல குடோன் ஸ்டோர் கீப்பர் வந்து உட்கார்ந்தார், பெரியவர், ஸ்கிரீன பார்த்துட்டு ரொம்ப மரியாதையா கேட்டார், "தம்பி, எங்களுக்கு ஒரு பில்லு சரக்கு மூணு லாரியில மூணு நாளா வருமே, ரெண்டாவது லாரிய இதுல எங்க போடறது?" யாருக்கும் பதில் இல்ல. இன்வாய்ஸ் நம்பர வச்சுதான் தகவல் சேர்த்து வைக்கற டேபிளே கட்டியிருந்தாங்க, அத மாத்தினா ஸ்கிரீன், ரிப்போர்ட், கணக்கு எல்லாம் மாறும். ஏற்கனவே கோடிங் இழுத்துக்கிட்டு போனதுல டெஸ்டிங்குக்கு எங்களுக்கு குடுத்திருந்த ஆறு வாரம் ஒன்பது நாளாயிடுச்சு, சாஃப்ட்வேர் நிஜ வேலைக்கு வரவேண்டிய கோ லைவ் தேதி மட்டும் நகரல, கல்யாணமாகி ஒரு மாசம் கூட ஆகாத பொண்ணு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் டெஸ்ட் கேஸ் ஓட்டிக்கிட்டு இருந்தா. அந்த பெரியவருக்கு ரெண்டாவது மாசம் ஒரே ஒரு ஸ்கிரீன காட்டியிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பார், ஆனா அவர யாரும் கேக்கவே இல்ல.

பெரிய இடத்துலயும் இதே கதைதான். அமெரிக்க அரசோட ஹெல்த்கேர் டாட் கவ் இன்சூரன்ஸ் சைட் 2013 அக்டோபர் 1 அன்னைக்கு திறந்தாங்க, முதல் நாள் முழுசா பதிவு முடிச்சவங்க ஆறே பேர். எல்லா பாகத்தையும் சேர்த்து வச்சு டெஸ்ட் பண்ணது கடைசி ரெண்டு வாரத்துலதான்னு வேலை எடுத்த கம்பெனிக்காரங்களே அவங்க நாடாளுமன்றத்துல சொன்னாங்க. ராய்ஸ் எழுதி அப்ப 43 வருஷம் ஆகியிருந்துச்சு.

கொஞ்சம் கொஞ்சமா செஞ்சு காட்டி திருத்திக்கிட்டே போற ஏஜைல் முறைதான் எல்லா வேலைக்கும் மருந்துன்னு சொல்ல வரல, அதுல வர்ற சின்னச் சின்ன தவணைக்கு ஸ்பிரின்ட்னு பேர் வச்சுக்கிட்டு கடைசி வரைக்கும் பயன்படுத்தறவங்க கண்ணுல காட்டாத டீமும் பார்த்திருக்கேன். நான் கேக்கறது ரெண்டுதான். சாஃப்ட்வேர் இன்ஜினியரிங் எடுக்கற ஆசிரியர்கள் அந்த கட்டுரைய முழுசா கிளாஸ்ல படிச்சு காட்டணும், பத்து பக்கம் சொச்சம்தான், ஒரு பீரியட் போதும். நீங்களும் அடுத்த தடவ அந்த படிக்கட்டு படத்த போட்டா அதுக்கு கீழ அவர் எழுதின எச்சரிக்கையையும் சேர்த்து போடுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு சாஃப்ட்வேர் டெஸ்டர், சென்னை
(பெயர் வெளியிட வேண்டாம்)