சேலைத்துண்டு கட்டிய புற்றுகள்

ஊர்ச் சனத்துக்கும் தூரத்திலிருந்து துணை நின்றவர்களுக்கும்,

குளத்துக்குப் பின்னாலுள்ள காட்டை இடித்துத் தள்ள வந்த பெக்கோ இயந்திரம் நேற்றுப் பின்னேரம் திரும்பிப் போய்விட்டது. பாலை மரமும் வீரை மரமும் அப்படியே நிற்கின்றன. நடந்தது எல்லாருக்கும் தெரியும், திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

முதல் நன்றி, வீதியோரம் காளான் விற்கிற அக்காவுக்கு. பெயர் போட வேண்டாம் என்றுவிட்டார். உண்மையைச் சொன்னால், கூட்டத்துக்கு அவரை நாங்கள் கூப்பிடவேயில்லை. பிடுங்கி விற்கிறவர்தானே என்ற நினைப்பு. அவரோ விடியப்புறம் படலையில் வந்து நின்றார். "தம்பி, ரோச்சை எடுத்துக்கொண்டு வா."

கூடப்பிறந்த தங்கைக்கும் காட்டாத இடங்கள். காளான் முளைக்கிற பதினொரு கறையான் புற்றுகள். பழைய சேலையைக் கிழித்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்து மரத்தில் கட்டிக்கொண்டே போனார். "இனி எல்லாருக்கும் தெரியட்டும். இடிச்சுப்போட்டாங்கள் எண்டா எனக்கும் இல்லை, ஒருத்தருக்கும் இல்லை."

புற்றுக்காளானைச் சிப்பிக்காளான் மாதிரி வைக்கோல் பையில் வளர்த்தெடுக்க முடியாது. கறையான் மரமும் சருகும் மென்று புற்றுக்குள்ளே பங்கசுத் தோட்டம் போடுகிறது. மழை விழ, அந்தத் தோட்டத்திலிருந்துதான் குடை மண்ணைத் துளைத்துக்கொண்டு வரும். கறையான் போனால் காளானும் போச்சு. அக்கா இதைப் புத்தகத்தில் படித்தவரில்லை. ஆனால் நன்றாக விரிந்த குடைகளில் நாலைந்தை எப்போதும் புற்றிலேயே விட்டு வருவார், "வித்துக்கு" என்று.

கடைசிக் கூட்டத்தில் ரீச்சர், சிசிலித் தீவின் மடோனி மலையில் முளைக்கும் ஒரு வெள்ளைக் காளானைப் பற்றிச் சொன்னார். அழியும் ஆபத்திலுள்ள உயிர்களைக் குறிக்கும் உலகச் சிவப்புப் பட்டியலில் 2006இல் அது ஏறியபோது, ஆண்டுக்கு முதிர்ந்து வந்தவை 250கூட இல்லை. 3 சென்ரிமீற்றருக்குச் சிறிய குடையைப் பிடுங்க அங்கே தடை போட்டார்கள். பின்வரிசையில் அக்கா சிரித்தார்: "மொட்டுப் பிடுங்கிற ஆக்கள் அங்கையும் இருக்கினமோ?"

மனுவில் கையெழுத்துப் போட்டவர்கள், லான்ட்மாஸ்ரரில் ஆட்களை ஏற்றி இறக்கியவர், தேத்தண்ணி ஊற்றிய மாதர் சங்கத்தார், கனடாவிலிருந்து இரவிரவாக அழைப்பெடுத்தவர்கள், எல்லாருக்கும் நன்றி. யாரையும் விட்டிருந்தால் கோபிக்காதீர்கள். நித்திரை முழித்த மண்டை இது.

அக்கா, ஐப்பசி முதல் இடிக்கு நான் அந்தப் பக்கம் வரமாட்டேன். இடம் தெரிந்தாலும் காளான் உங்களுடையது. வீதியில் உங்கள் பெட்டிக்கு முன்னால் நிற்பேன். விலை குறைக்கச் சொல்லிக் கேட்கமாட்டேன்.