தோல்வியை ஒளிக்காத பேச்சு

ஆசிரியருக்கு,

போர்க்காலத் தலைவர்களின் சொல்வன்மை பற்றிய கட்டுரை படித்தேன். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனின் பிரதமராக இருந்த சர்ச்சிலின் குரல்தான் அந்நாட்டைத் தூக்கி நிறுத்தியது என்று அதில் சொல்லியிருப்பதை என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. 1940 ஜூன் 4 அன்று 'கடற்கரைகளில் போரிடுவோம்' என்று அவர் முழங்கியது நாடாளுமன்றத்துக்குள். அன்றிரவு வானொலியில் மக்கள் கேட்டதோ செய்தி வாசிப்பாளர் படித்த பகுதிகளைத்தான். சர்ச்சில் தம் குரலில் அதைப் பதிவு செய்தது 1949-இல்! ஆக, வேலை செய்தது குரல் அல்ல, சொல்.

ஜெர்மன் படைகள் சூழ்ந்திருந்த பிரான்சின் டன்கிர்க் துறைமுகத்திலிருந்து பிரிட்டன், அதன் நேச நாடுகளின் வீரர்கள் சுமார் 3,38,000 பேர் மீட்கப்பட்டிருந்த நேரம் அது. வேறொருவராக இருந்தால் வெற்றி விழாவே எடுத்திருப்பார். சர்ச்சிலோ, பின்வாங்கி வருவதால் போர்களை வெல்ல முடியாது என்று முகத்துக்கு நேரே சொன்னார். ஏறத்தாழ ஆயிரம் பீரங்கிகள் பறிபோனதையும் அதே பேச்சில் கணக்குச் சொன்னார்.

– ஒரு வாசகர்