மகனுக்கு, கூடு வாங்குவது பற்றி

ஆரையம்பதி

அன்புள்ள மகனுக்கு,

சென்ற ஞாயிறு பேத்தி வீடியோவில் வந்து, வண்ணத்துப்பூச்சி வளர்ப்பதற்கு எப்படிப்பட்ட கூடு வாங்க வேண்டும் என்று கேட்டாள். அது மடித்துக் காரில் வைக்கக்கூடியதாகவும், ஒரு கிழமை ஓரிடத்திலும் அடுத்த கிழமை மற்ற இடத்திலும் வைக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டுமாம். மற்ற இடம் எது என்று நான் கேட்கவில்லை. குழந்தையிடம் கேட்கும் கேள்வியா அது? அவளுக்குச் சுருக்கமாகச் சொன்னதை உனக்கு விபரமாக எழுதுகிறேன். காசு கொடுத்து வாங்கப்போகிறவன் நீதானே.

முதலில், போத்தல் வேண்டாம். மூடியில் ஆணியால் துளையிட்ட ஜாம் போத்தல்களைப் பிள்ளைகள் வகுப்புக்குக் கொண்டுவருவதை நீயும் கண்டிருக்கிறாய். இலையின் ஈரமும் எச்சமும் சேர்ந்து கண்ணாடி உள்ளே வியர்க்கும், பூஞ்சணம் பிடிக்கும், இலை தின்னும் புழுவாகிய குடம்பி கறுத்துத் துவண்டுவிடும். தப்பிப் பிழைத்துக் கூட்டுப்புழுவாகி வெளியே வந்த ஒன்றை மேசையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். அது கண்ணாடியில் கால் பிடிக்காமல் ஏறி ஏறி வழுக்கி விழுந்தது. தொங்குவதற்கு இடம் கிடைக்காததால் சிறகுகள் விரியாமல், நனைந்த கடதாசி போல மடிந்தபடியே காய்ந்துவிட்டன. வெளிவந்த முதல் அரை மணித்தியாலத்துக்குள் சிறகு விரிந்தாக வேண்டும், பிறகு எதைச் செய்தும் பயனில்லை.

ஆனால் முட்டையிலிருந்து வந்த புதிதில் பெரிய கூடும் வேண்டாம். பறவை எச்சம் போல் தோன்றும் அந்தச் சிறிய குடம்பியை வலைக்கூட்டுக்குள் விட்டால் தேடிப்பிடிக்க முடியாது, இலையும் ஒரு நாளில் வாடிவிடும். மூடியுள்ள சிறிய பிளாஸ்டிக் பெட்டி, அடியில் டிசு கடதாசி, அன்றாடம் திறந்து துடைத்துப் புதிய இலை, அவ்வளவும் போதும். அது விரலளவுக்கு வளரத் தொடங்கியதும் வலைக்கூட்டுக்கு மாற்றலாம்.

வலைக்கூடு வாங்கும்போது அகலத்தைப் பார்த்து ஏமாறாதே, உயரத்தைப் பார். முப்பது சென்ரிமீற்றர் அகலமும் அறுபது உயரமும் உள்ளது நல்லது. பக்கங்கள் மென்மையான வலைத்துணியாக இருக்க வேண்டும். கம்பி வலை சிறகைக் கிழிக்கும், பளபளப்பான பிளாஸ்டிக்கில் கால் பிடிக்காது. வலையின் கண்கள் நெருக்கமாக இருந்தால்தான் குடம்பியின்மேல் முட்டையிடும் ஒட்டுண்ணி ஈயும் குளவியும் உள்ளே வரமாட்டா. சிப் முழுவதும் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் அடித்தட்டைச் சுத்தம் செய்வதற்குக் கை நுழையாது. இலைக்கொம்பைத் தண்ணீர்ப் போத்தலில் வைத்தால் வாயைப் பஞ்சால் அடைக்கச் சொல்லு, குடம்பி இறங்கிப்போய் மூழ்கிவிடும். அங்கே கனடாவில் சதகுப்பை, பார்சிலி, கரட் இலை தின்னும் கறுப்பு வண்ணத்துப்பூச்சி ஒன்று உண்டு. அது எங்கள் தேசி மரத்துப் பூச்சியின் பேரினத்தைச் சேர்ந்ததுதான், தொட்டால் அதன் குடம்பியும் அதே போலச் செம்மஞ்சள் கொம்பை நீட்டி நாற்றம் விடும். பேத்தி அதனோடு தொடங்கட்டும். மொனாக் வண்ணத்துப்பூச்சி வேண்டாம், கனடாவில் அது அழியும் ஆபத்திலுள்ள இனம்.

இனி அந்த மடிக்கும் கூட்டைப் பற்றி. மடிக்கக்கூடிய கூடு கடையில் கிடைக்கும், தாராளமாக வாங்கு. ஆனால் உள்ளே உயிர் இருக்கும்போது மடிக்கவும் முடியாது, நினைத்த நேரம் தூக்கிக்கொண்டு போகவும் முடியாது. இலை தின்னும் பருவத்தில் காரில் ஒரு மணித்தியாலம் போனால் பரவாயில்லை. தின்பதை நிறுத்தி, இளகிய எச்சம் போட்டு, அங்குமிங்கும் அலையத் தொடங்கினால் பிறகு அசைக்கக்கூடாது. அது இடுப்பில் பட்டுநூல் கட்டிச் சாய்ந்து நிற்கும். ஏறத்தாழ ஒரு நாளில் தோலைக் கழற்றும். கழற்றிய கூட்டுப்புழு சில மணித்தியாலங்கள் மெழுகிலும் மென்மையாக இருக்கும். அப்போது கூடு ஆடினால் அது விழுந்து உடைந்துவிடும். அதன் பிறகும் இரண்டு கிழமைக்குக் கூடக்குறைய அது ஒரே இடத்தில், வெயில் படாமல், ஹீட்டர் காற்று படாமல் இருக்க வேண்டும். ஆகவே கூடு எந்த வீட்டில் நிற்கப்போகிறது என்பதை, கூடு வாங்குவதற்கு முன்னரே நீங்கள் இருவரும் பேசி முடிவு செய்ய வேண்டும். பிள்ளையை முடிவு செய்யச் சொல்லாதே. இருவரும் பேசுங்கள் என்று மீண்டும் எழுதுகிறேன், கூட்டுக்காகத்தான்.

செப்டெம்பரில் கூட்டுப்புழுவாகிறவை அந்த வருடம் வெளியே வராமல், இளவேனில் வரும் வரைக்கும் உறங்கும். அவற்றைச் சூடான அறையில் வைக்கலாகாது. கூரையுள்ள பல்கனி போன்ற குளிரான ஓரிடத்தில், மழை படாமல், மாரி முழுவதும் வைக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் ஒரே இடம், மகன். உன்னிடம் அப்படி ஓர் இடம் இருக்கிறதா என்பது எனக்குத் தெரியவேண்டும்.

தரம் எட்டில் நீ பலகைச் சட்டமும் நுளம்பு வலையும் கொண்டு செய்த கூடு இன்னும் விறாந்தையில் நிற்கிறது. இந்தக் கச்சான் காற்றிலும் அதற்குள் கறிவேப்பிலை வாடாமல் இருக்கிறது, மூலைக்கு மூலை ஆணியடித்த அழகை வந்தவர்களுக்குக் காட்டுகிறேன். அவ்வளவு பொறுமையாகச் செய்த பிள்ளைக்கு இரண்டு வரி எழுத நேரமில்லை என்பதை அம்மாவுக்கு என்னால் விளங்கப்படுத்த முடியவில்லை. பெரியக்காவும் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். வேலை கூட என்று சொல்லி வைத்திருக்கிறேன். உன் முகத்தைச் சித்திரைக்குப் பிறகு திரையில் காணவில்லை.

நுளம்புத்திரி, ஸ்பிரே எதையும் கூட்டுக்குக் கிட்ட வைக்காதே. கடைச் சதகுப்பையில் மருந்து இருக்கும், சாடியில் விதைத்து வளர்ப்பதுதான் நம்பிக்கை.

கடைக் கூடு சரிவராவிட்டால் இங்கே தையல்காரரிடம் வலை கொடுத்துத் தைப்பித்து, ஆவணியில் வரும் சின்ன மாமாவிடம் கொடுத்தனுப்புகிறேன். கூடு நிற்கப்போகும் இடத்தின் நீள அகலத்தை அளந்து அனுப்பு. எந்த முகவரிக்குக் கொடுத்தனுப்ப வேண்டும் என்பதையும் உன் கையால் எழுது.

அன்புடன்,
அப்பா